மெரிடித் வாங்கிய தடை

வணக்கம் சார்,

பழைய கால்பந்து வீரர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் வேல்ஸ்காரர் பில்லி மெரிடித்தை வீரர்கள் சங்கத்தின் முன்னோடி என்று கொண்டாடியிருக்கிறீர்கள். எதிரணிக்காரருக்கு லஞ்சம் கொடுக்கப் பார்த்துத் தடை வாங்கியவர் ஆயிற்றே அவர்? அப்படிப்பட்டவர் எப்படித் தலைவர் ஆனார்?

ஆர்.

அன்புள்ள ஆர்,

லஞ்சக் கதை உண்மைதான். 1905 ஏப்ரலில் மெரிடித் ஆடிய மான்செஸ்டர் சிட்டி, ஆஸ்டன் வில்லாவிடம் 3-2 என்று தோற்றது. ஆட்டத்தை விட்டுக்கொடுக்க மெரிடித் 10 பவுண்டு தருவதாகச் சொன்னார் என்றார் வில்லா வீரர் அலெக் லீக். தடை வந்தது. முதலில் மறுத்த மெரிடித், கிளப் தன்னைக் கைகழுவியதும், மேனேஜர் டாம் மேலி சொல்லித்தான் கேட்டேன் என்று போட்டு உடைத்தார். மேலி மறுத்தார். மெரிடித் சொன்னதில் பாதியையாவது நான் நம்புகிறேன்.

விசாரணை பெரிதானபோது வேறொன்று வெளியே வந்தது. அன்று ஒரு வீரருக்கு வாரம் 4 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது என்பது விதி. சிட்டி அதற்கு மேல் கொடுத்துவந்தது. 17 வீரர்களுக்கு 1907 புத்தாண்டு வரை தடை. அது முடிந்த அன்றே மெரிடித் மான்செஸ்டர் யுனைடெட்டுக்காக இறங்கினார்.

அவர் தலைவரானது இதனால் மட்டும் இல்லை. வடக்கு வேல்ஸில் சர்க் அருகே சுரங்க ஊரில் பிறந்தவர், 12 வயதிலேயே சுரங்கத்துக்குள் போனவர். தொழிலாளர் சங்கம் என்பது அவருக்குப் புதிய சங்கதியே அல்ல. 1902இல் சிட்டியில் அவரோடு ஆடிய டேவிட் ஜோன்ஸ், பயிற்சியின்போது கண்ணாடித் துண்டு கிழித்த காயம் சீழ்பிடித்து இறந்தார். 1907இல் யுனைடெட்டின் தாமஸ் பிளாக்ஸ்டாக் பந்தைத் தலையால் முட்டியதும் சுருண்டு விழுந்து இறந்தார். காயம்பட்டால் வீரனின் குடும்பத்துக்கு என்ன வழி என்ற கேள்வி அவர் பக்கத்திலேயே இரண்டு முறை வந்து நின்றது. அதே 1907 டிசம்பரில் மான்செஸ்டர் இம்பீரியல் ஹோட்டலில் சங்கம் தொடங்கிய கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் அவர்தான். 1909இல் சங்கத்தை விட்டு வெளியே வராவிட்டால் ஆடவே முடியாது என்று இங்கிலாந்துக் கால்பந்து நிர்வாகிகள் மிரட்டினார்கள். யுனைடெட் வீரர்கள் மசியவில்லை. சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது. சம்பள உச்சவரம்பு மட்டும் 1961 வரை போகவில்லை. மெரிடித் இறந்தது 1958இல்.

தவறு செய்தவர் என்பதால் அவர் கேட்ட நியாயம் நியாயம் இல்லாமல் போய்விடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அப்புறம், ஆட்டத்தைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லையே! வலது ஓரத்தில், வாயில் பல்குத்தும் குச்சியோடு ஓடுவார். சிட்டிக்காக ஆடிய 1904 எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்து கிளப்புகளின் கோப்பை) இறுதியில் போல்டனுக்கு எதிராக விழுந்த ஒரே கோல் அவருடையது. வேல்ஸுக்காக 48 ஆட்டங்கள். அதில் கடைசி ஆட்டம் 1920இல், அவருடைய 45ஆவது வயதில். இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்றார்கள். பிறகு சிட்டிக்கே திரும்பி, 49 வயதில் 1924 கோப்பை அரையிறுதி வரை ஆடினார். அதில் நியூகாசில் 2-0 என்று ஜெயித்துவிட்டது.