பல்கலைக்கழகத்திலிருந்து கசிந்த விவரங்கள்: நஷ்டஈடு கேட்க முடியுமா?

கேள்வி: தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.எஸ்சி. இறுதியாண்டு படிக்கிறேன். மாணவர் விவரங்கள் சர்வரிலிருந்து திருடுபோனதாகப் பேச்சு. நிர்வாகம் வாய் திறக்கவில்லை. சென்ற வாரம் ஒருவர் போனில் என் பதிவு எண், அப்பா பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் சரியாகச் சொல்லி, ஸ்காலர்ஷிப் போட ஓடிபி கேட்டார். கொடுக்கவில்லை. நஷ்டஈடு கேட்கலாமா? கேட்டால் மார்க் ஷீட்டை நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, திருச்சி

பதில்: ஓடிபியைக் கொடுக்காமல் விட்டீர்களே, நல்லது. கொடுத்திருந்தால், புகார் செய்யும் வரை போன பணத்துக்கு வங்கி பொறுப்பேற்காது. உங்கள் தவறே இல்லாமல் கணக்கிலிருந்து பணம் போனால், வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்யுங்கள். இழப்பில் ஒரு ரூபாயும் உங்களைச் சேராது. இது 2017இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. கூடவே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கும் உடனே அழைக்க வேண்டும்.

அந்த அழைப்பு வந்த எண், நாள், நேரம், அவர் சொன்ன விவரங்கள் எல்லாவற்றையும் இன்றே எழுதி வையுங்கள். கால் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிவு எண்ணும் வங்கிக் கணக்கும் ஒரே இடத்தில் இருப்பது பல்கலைக்கழகப் பதிவேட்டில்தான். கசிவு எங்கிருந்து என்று நாளை காட்ட இது முக்கியமான சாட்சி. தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எம்ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிடுங்கள். உங்கள் பெயரில் வேறு சிம் இருக்கிறதா என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். சிபில் அறிக்கை ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். நீங்கள் வாங்காத கடன் அதில் ஏறியிருந்தால் உடனே ஆட்சேபம் எழுதுங்கள்.

சரி, நஷ்டஈட்டுக்கு வருவோம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ரூ.250 கோடி வரை அபராதம் என்று படித்திருப்பீர்கள். அந்தப் பணம் அரசுக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாயும் வராது. தரவு கசிந்தால் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையும் 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகிறது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம். ஏனென்றால், உங்களுக்கு நேரடியாக நஷ்டஈடு தரும் பழைய வழி, அதாவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, அதே நாளில் நீக்கப்படுகிறது. அதுவரை அது உயிரோடு இருக்கிறது.

43ஏ-இன்படி மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் முன் மனு போடலாம்; ரூ.5 கோடி வரையிலான கோரிக்கையை அவர் விசாரிப்பார். 2010இல், ஆன்லைன் மோசடியில் பணம் இழந்த வாடிக்கையாளருக்கு ரூ.12.85 லட்சம் கொடுக்கும்படி ஒரு தனியார் வங்கிக்கு உத்தரவிட்டவர் தமிழ்நாட்டில் இந்தப் பொறுப்பில் இருந்தவர்தான். உங்கள் வழக்கில் இரண்டு முட்டுக்கட்டைகள் உண்டு. பல்கலைக்கழகம் அந்தப் பிரிவு சொல்லும் ‘நிறுவனம்’ ஆகாது என்று எதிர்த்தரப்பு வாதிடும். கட்டணம் வாங்கித் தொழில்முறையில் நடத்துகிறார்கள் என்பது நம் பதில். அடுத்தது இழப்பு. இன்றைய நிலையில் உங்களுக்குப் பண இழப்பு இல்லை. அதனால் இப்போதே மனு போட்டால் நிற்பது கடினம். 43ஏ காக்கும் பட்டியலில் ஆதார் எண் பெயர் சொல்லி இல்லை. வங்கிக் கணக்கு விவரம், பாஸ்வேர்டு, மருத்துவக் குறிப்பு உண்டு. எனவே வங்கிக் கணக்கு விவரம் கசிந்ததை முன்னிறுத்துங்கள். நுகர்வோர் நீதிமன்றத்தை நம்ப வேண்டாம். கல்வி அங்கே ‘சேவை’ ஆகாது என்ற தீர்ப்புகள் குறுக்கே நிற்கின்றன.

இப்போது செய்ய வேண்டியது, பதிவாளருக்கு ஒரு கடிதம். என்னென்ன விவரம் போனது, எப்போது தெரிந்தது, மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவித்தீர்களா என்று கேளுங்கள். செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட கட்டளை அது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். முடிந்தால் பத்துப் பேராகக் கையெழுத்திடுங்கள். தனியாகக் கேட்பவரை மிரட்டுவது எளிது.

மார்க் ஷீட்டைப் பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. அப்படி நிறுத்திவைத்தால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைகளின்படி புகார் செய்யலாம். முதலில் மாணவர் குறைதீர்க் குழு. அது 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால், மாணவர் குறைகளை விசாரிக்கும் அதிகாரியான ஒம்புட்ஸ்பெர்சனிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்தப் புகாரில் பதிவாளருக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் தபால் ரசீதையும் சேர்த்துக் கொடுங்கள்.