விறகு டிரெய்லர்: "பேப்பர் தேவையில்லை" என்கிறவரிடம் விலை பேசாதீர்கள்

கேள்வி: என்னிடம் 24 எச்.பி. மினி டிராக்டர் இருக்கிறது. இளையான்குடி பக்கம் 4 ஏக்கரில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை வெட்டி, 12 கி.மீ. தள்ளியிருக்கும் விறகுக் கடைக்கு நானே கொண்டுபோகலாம் என்றிருக்கிறேன். புரோக்கர் ஒருவர் இரண்டு சக்கரப் பழைய டிரெய்லரை 55,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். டிராக்டருக்கு ஆர்.சி. இருந்தால் போதும், டிரெய்லருக்குப் பேப்பர் எதுவும் தேவையில்லை என்கிறார். உள்ளூர்ப் பட்டறையில் புதிதாகச் செய்துதர 90,000 கேட்கிறார்கள். எது உழைக்கும்?

பதில்: புரோக்கர் காட்டிய டிரெய்லரை விட்டுவிடுங்கள். இரும்பு நல்ல இரும்பாகவே இருக்கலாம். ஆனால் "பேப்பர் தேவையில்லை" என்ற ஒரு வார்த்தையே போதும், அந்த ஆளிடம் வாங்காமல் இருப்பதற்கு. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம், மோட்டார் வாகனம் என்றால் எது என்று சொல்லும்போதே டிரெய்லரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. இன்ஜின் இல்லாவிட்டாலும் அது வண்டிதான். அதற்குத் தனி நம்பர், தனி ஆர்.சி. உண்டு. டிராக்டர் இன்சூரன்ஸ் பாலிசியில் டிரெய்லரையும் குறிப்பிட்டு, அதற்கான பிரீமியத்தையும் கட்டியிருக்க வேண்டும்.

இதில் பிடிபட்டால் அபராதம் கட்டித் தப்பிக்கலாம் என்று நினைக்கிறார்கள். அபராதம் சின்ன விஷயம். பின்னால் விளக்கில்லாத டிரெய்லரில் ராத்திரி ஒரு பைக் வந்து மோதினால், நஷ்டஈட்டு வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது டிரெய்லர் பாலிசியில் இருக்கிறதா என்றுதான். இல்லையென்றால் அந்தத் தொகையை உங்கள் 4 ஏக்கரிலிருந்துதான் எடுக்க வேண்டிவரும். புரோக்கர் அன்றைக்குப் போனை எடுக்க மாட்டார்.

சரி, பேப்பர் இருக்கிறது என்று இன்னொருவர் வந்தாலும் உடனே நம்பாதீர்கள். ஒரே ஆர்.சி.யை வைத்து இரண்டு மூன்று பெட்டிகளை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உடைந்து காயலான் கடைக்குப் போன டிரெய்லரின் நம்பரை வேறொரு பெட்டியில் அடித்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. சேஸ் நம்பர் அடித்த இடத்தில் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். எழுத்துகள் ஒரே அளவில், ஒரே ஆழத்தில் விழ வேண்டும். சுற்றிலும் கிரைண்டர் ஓட்டிய தடமோ, அந்த இடத்தில் மட்டும் கெட்டியாகப் பெயிண்ட்டோ இருந்தால் கிளம்பிவிடுங்கள். அடுத்து, காலி டிரெய்லரை எடை மேடையில் ஏற்றி எடைச் சீட்டு வாங்குங்கள். ஆர்.சி.யில் காலி எடை எழுதியிருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். நூறு நூற்றைம்பது கிலோ வித்தியாசம் வந்தால் அந்த ஆர்.சி. வேறு ஏதோ ஒரு பெட்டியுடையது. கடன் ஏதும் நிற்கிறதா என்பதையும் ஆர்.சி.யிலேயே பாருங்கள். நின்றால், கடன் தீர்ந்ததற்கான 35-ஆம் படிவமும் ஃபைனான்ஸ்காரரின் தடையில்லாச் சான்றும் கைக்கு வரும்வரை முன்பணம் கூடக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்களில் விற்கிறவரே வந்து கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவத்தை நீட்டினால் வாங்காதீர்கள்.

இதில் இன்சூரன்ஸுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. அதைத்தான் புரோக்கர்கள் திரித்துச் சொல்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். உங்கள் சொந்த நிலத்துக்குள்ளேயே, ஒரு மூலையில் வெட்டி மறு மூலையில் அடுக்குவதற்கு மட்டும் டிரெய்லரை ஓட்டினால் இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. சட்டம் இன்சூரன்ஸ் கேட்பது பொது இடத்தில் ஓட்டுவதற்குத்தான்; பதிவையோ பொது இடமானாலும் வேறு எந்த இடமானாலும் கேட்கிறது. ஆனால் பொது இடம் என்பது தார் ரோடு மட்டுமில்லை. பொதுமக்களுக்குப் போக உரிமை உள்ள எந்த வழியும் பொது இடம். பஞ்சாயத்து மண் ரோடு, கண்மாய்க் கரை, ஊர்க்காரர்கள் நடந்துபோகும் வண்டிப்பாதை எல்லாமே அதில் அடங்கும். உங்கள் நிலம் பாதைக்கு இரண்டு பக்கமும் கிடந்தால், குறுக்கே தாண்டும் அந்தப் பத்தடியும் பொது இடம்தான். பாதை உங்கள் பட்டாவுக்குள் வந்தாலும், ஊருக்கு அதில் நடைபாதை உரிமை இருந்தால் அதுவும் அப்படியே. பக்கத்துத் தோட்டக்காரர் உங்களுக்குத் தெரிந்தவர், அவர் வரப்போரமாகத்தான் போகிறேன் என்றால் அது அவருடைய நிலம், அவர் சம்மதம் போதும். அதைத் தாண்டி ரோட்டில் ஒரு சக்கரம் வைத்தால் விலக்கு போயிற்று. நீங்கள் 12 கி.மீ. ஓட்டப்போகிறீர்கள். இந்த விலக்கு உங்களுக்கு இல்லை.

இனி இரும்புக்கு வருவோம். முதலில் எவ்வளவு பாரம் என்று கணக்குப் போடுங்கள். 8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி உயரமுள்ள பெட்டி 80 கன அடி. சீமைக் கருவேலம் கோணல் மாணலாகத்தான் அடுக்க வரும், பாதி இடைவெளியாகப் போகும். பச்சைக் கட்டை 35 கன அடி இருந்தால் சுமார் ஒரு டன். ஆக, பெட்டி விளிம்பு மட்டத்துக்கு நிரப்பினாலே ஒரு டன்னைத் தாண்டும். அதையே பக்கவாட்டில் கம்பு நட்டு 5 அடி உயரத்துக்கு ஏற்றினால் மூன்று டன்னை நெருங்கும். உங்கள் மினி டிராக்டரின் எடை ஒரு டன்கூடத் தேறாது. இழுத்துவிடும், சந்தேகமில்லை. கண்மாய்க் கரை இறக்கத்தில் நிறுத்த முடியாது. பின்னாலிருந்து பாரம் தள்ளும், டிராக்டர் மடங்கிக்கொள்ளும். ஒன்று, ஒன்றேகால் டன்னுக்கு மேல் ஏற்றாதீர்கள். இரண்டு நடை கூடுதலாகப் போங்கள். வெட்டியதைப் பதினைந்து நாள் வெயிலில் போட்டுவைத்தால் எடையும் குறையும். விறகு பெட்டிக்கு வெளியே பக்கவாட்டிலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருந்தால் 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதற்கு மட்டுமே 20,000 ரூபாய் அபராதம் உண்டு.

பெட்டியைப் பார்த்து மயங்காதீர்கள். தகடு 3 மி.மீ. இருந்தால் போதும், தரைக்கு மட்டும் 4 மி.மீ. கேளுங்கள். உழைப்பதும் உடைவதும் கீழேதான். ஆக்சில் கெட்டிச் சதுர இரும்பாக இருக்க வேண்டும், பைப்பில் செய்தது வேண்டாம். 50 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 60 கிடைத்தால் நல்லது. ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் பேரிங் போயிருக்கும், அல்லது ஹப்பே (சக்கரத்தின் நடுக்குடம்) தேய்ந்திருக்கும். பிறகு ஐந்து கி.மீ. ஓட்டிவிட்டு ஹப்பில் உள்ளங்கையை வையுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம்.

டிரா பார், அதாவது டிராக்டரோடு மாட்டும் முன்பக்க இழுப்புக் கம்பி, சேஸோடு சேரும் வெல்டிங்கைக் குனிந்து பாருங்கள். பெயிண்ட்டுக்குள்ளிருந்து முடிபோல ஒரு துருக்கோடு ஓடினால் அங்கே விரிசல் விட்டிருக்கிறது. விற்பதற்கு முந்தின வாரம் பெயிண்ட் அடிப்பது இதை மறைக்கத்தான். பின் மாட்டும் வளையம் வட்டமாக இருக்க வேண்டும், தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். டிராக்டரில் மாட்டும் இடம் பின் ஆக்சில் மட்டத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். உயரம் சரிவரவில்லை என்று மேலே, டாப் லிங்க் (கருவிகளைப் பிடிக்கும் மேல் கம்பி) பக்கம் மாட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். பாரத்தோடு இழுக்கும்போது முன்சக்கரம் தூக்கி டிராக்டர் மல்லாந்துவிடும். ஓட்டுகிறவர் அடியில் சிக்கிக்கொள்வார்.

டயர் விஷயத்தில் உங்கள் சரக்கே உங்களுக்கு எதிரி. கருவேல முள், தேய்ந்த டயரில் நேராக டியூப்வரை இறங்கும். பழைய லாரி டயர் போடலாம், தப்பில்லை. ஆனால் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு) நன்றாக நிற்கும் டயராக, இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் கேளுங்கள். டிப்பர் வேண்டாம். கோணல் விறகு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சரியாது, தூக்கிய பெட்டிதான் ஒருபக்கமாகச் சாயும்.

ஆக, புதிதாகச் செய்வதே உங்களுக்குச் சரி. 90,000 அநியாயமில்லை. ஆனால் மொத்த விலை பேசாதீர்கள். கிலோவுக்கு எவ்வளவு என்று பேசி, எடைச் சீட்டு பார்த்துப் பணம் கொடுங்கள். அப்போதும் பழைய ஆங்கிளுக்குப் பெயிண்ட் அடித்துச் சேர்ப்பார்கள், ஆகவே பெயிண்ட் அடிக்கும் முன் ஒருநாள் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், டிரெய்லர் செய்ய அந்தப் பட்டறைக்கு முறையான ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பனைச் சான்றான 21-ஆம் படிவமும், சாலைத் தகுதிச் சான்றான 22-ஆம் படிவமும் அவர்கள் கொடுத்தால்தான் பதிவே ஆகும். எவ்வளவு அழகாக வெல்டிங் வைத்தாலும் இந்த இரண்டும் இல்லாமல் அது வெறும் பெட்டி.

எந்தப் பட்டறைக்கு ஒப்புதல் உண்டு என்று ஒரு பலகையில் எழுதி ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலிலும் மாட்டிவைக்க என்ன செலவாகிவிடும்? மாட்டுவதில்லை. டீலர் டிராக்டரோடு டிரெய்லரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு பில்லில் "கருவி" என்று எழுதுகிறார், கேட்பதற்கு ஆளில்லை. ஐந்து வருடம் கழித்து ரோட்டில் மடக்கி விவசாயியைக் கேட்கிறார்கள். பதிவுக்குப் போனால் டிரெய்லரையும் டிராக்டரையும் ஐம்பது கி.மீ. ஓட்டிவந்து மைதானத்தில் காட்டு, இன்றைக்கு ஆய்வாளர் இல்லை, நாளைக்கு வா என்கிறார்கள். ஒரு நாள் கூலியும் டீசலும் போனபின் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற புரோக்கர் நல்லவராகத் தெரிகிறார். அவரை வளர்ப்பதே இந்த நடைமுறைதான். நீங்கள் போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் நேரம் பதிவுசெய்துகொண்டு, பதிவுக்கான விண்ணப்பமான 20-ஆம் படிவத்தோடு நேராகப் போங்கள். அலைச்சல் உண்டு, ஆனால் ஆர்.சி. உங்கள் பெயரில் உங்கள் கைக்கு வரும்.

விவசாய டிராக்டர் என்று பதிவாகியிருந்தால் உங்கள் சொந்த விறகோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்தவர் விறகை வாடகைக்கு ஏற்றினால் அது வேறு கணக்கு, வேறு பாலிசி. விறகின் மேல் கூலியாட்களை உட்காரவைத்து அனுப்பாதீர்கள், டிரெய்லரில் ஆள் ஏற்ற அனுமதியே கிடையாது. இறக்கும்போது டிராக்டரைக் கழற்றாமல், பின்பக்கத்திலிருந்து இறக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் முதலில் காலியானால் பின்பாரம் அழுத்தி டிரா பார் மேலே எகிறும். பக்கத்தில் நிற்பவரின் தாடை உயரத்துக்கு அது வரும்.