எறிபவரின் திறமை எவ்வளவு, அணியின் பங்கு எவ்வளவு?

கேள்வி: மிச்சிகனில் வசிக்கும் நான் டெட்ராய்ட் லயன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகன். 2021இல் எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்குக் கொடுத்து, அவர்களுடைய கோஃபை வாங்கினோம். லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் என் மைத்துனர், “ஜாரெட் கோஃப் பயிற்சியாளர் வகுத்துக் கொடுத்ததை ஆடுகிறவர், மேத்யூ ஸ்டாஃபோர்டுதான் உண்மையான திறமைசாலி” என்று சந்திக்கும்போதெல்லாம் வாதிடுகிறார். ஒரு குவார்ட்டர்பேக்கின் திறமையை அவருடைய அணியிலிருந்தும் ஆட்டமுறையிலிருந்தும் பிரித்து எடைபோட வழி உண்டா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முழுவதுமாகப் பிரித்துவிட முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு பாஸ் நிறைவேற வேண்டுமானால், முன்வரிசையில் நிற்கும் ஐந்து தடுப்பாளர்கள் எதிரணியைச் சில நொடிகளாவது தாக்குப்பிடிக்க வேண்டும். பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் தம்மை ஒட்டி ஓடும் எதிரணிக்காரரிடமிருந்து விலக வேண்டும். அந்த வேளைக்குப் பொருந்தும் ஆட்டத்தைப் பயிற்சியாளர் தேர்ந்திருக்க வேண்டும். ஆனால் கணக்கேட்டில் எல்லாமே குவார்ட்டர்பேக்கின் பெயரில்தான் ஏறுகின்றன. 1973 முதல் பயன்பாட்டில் உள்ள பாஸர் ரேட்டிங் என்ற மதிப்பெண், இரண்டு யார்டு தூரம் எறிந்த பந்தைப் பிடித்தவர் அதன் பிறகு 60 யார்டு ஓடினாலும் அந்தப் பெருமையை எறிந்தவருக்கே தருகிறது. அவர் எத்தனை முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார் என்பதை அது பார்ப்பதே இல்லை.

வெற்றி தோல்வியை வைத்து மதிப்பிடுவது இதைவிடத் தவறானது. ஸ்டாஃபோர்டு டெட்ராய்டில் ஆடிய 12 பருவங்களில் வழக்கமான ஆட்டங்களில் 74 வெற்றி, 90 தோல்வி, ஒரு சமன். பிளேஆஃப் எனும் வெளியேற்றச் சுற்றில் வெற்றி ஒன்றுகூட இல்லை. 2021இல் ராம்ஸ் அணிக்கு மாறிய முதல் பருவத்திலேயே இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றார். அந்த ஓராண்டில் அவருடைய கை மாறிவிடவில்லை.

“அவர் ஆடாத ஆண்டில் அணி என்னவாயிற்று என்று பாருங்கள்” என்பார்கள் சிலர். 2011 பருவம் முழுவதும் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங் ஆட முடியாமற்போனபோது, முந்தைய ஆண்டு 10 ஆட்டங்களை வென்றிருந்த அவருடைய கோல்ட்ஸ் அணி இரண்டையே வென்றது. ஆனால் 2008இல் டாம் பிரேடி முதல் ஆட்டத்திலேயே காயமடைந்து வெளியேறியபோது, கல்லூரி அணியில்கூடத் தொடக்கக் குவார்ட்டர்பேக்காக இருந்திராத மேட் கேசலைக் கொண்டு பிரேடியின் பேட்ரியாட்ஸ் அணி 11 ஆட்டங்களை வென்றது. இதனால் பிரேடி சாதாரணமானவர் ஆகிவிடுவாரா? 2020இல் டாம்பா பே அணிக்குச் சென்று அந்தப் பருவத்திலேயே தம் ஏழாவது சூப்பர் பவுலை அவர் வென்றார். மாற்று ஆட்டக்காரரின் தரத்தையும் அணியின் ஆயத்தத்தையும் சேர்த்தே அளப்பதால், இந்தச் சோதனையை மட்டும் நம்பி முடிவுக்கு வர முடியாது.

நான் நம்புவது வேறொரு வழியை. அணியும் பயிற்சியாளரும் மாறியபோது அந்த ஆட்டக்காரரிடம் எவை மாறாமல் கூடவே வந்தன என்று பார்க்க வேண்டும். இதற்கு உங்கள் கோஃபைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. 2016இல் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் தேர்வாக ராம்ஸ் அணிக்கு வந்த அவர், தொடங்கிய ஏழு ஆட்டங்களிலும் தோற்றார். அடுத்த ஆண்டு ஷான் மெக்வே பயிற்சியாளரானார். ஆண்ட்ரூ விட்வொர்த் இடப்பக்கத் தடுப்பாளராக வந்தார். கூப்பர் கப், ராபர்ட் வுட்ஸ் போன்ற ரிசீவர்களும் சேர்ந்தனர். அந்த ஆண்டில் அதே கோஃப் 28 டச்டவுன் (புள்ளி சேர்க்கும் பாஸ்) எறிந்து ஏழு இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிடும் பாஸ்) மட்டுமே கொடுத்தார். பயிற்சியாளர் பேசும் தலைக்கவச வானொலி, ஒவ்வொரு ஆட்டநகர்வையும் தொடங்கத் தரப்படும் நேரத்தில் 15 நொடி மீதமிருக்கும்போது அடங்கிவிடும் என்பதால், அணியை விரைந்து வரிசையில் நிறுத்தி, எதிரணியின் அமைப்பைக் கண்டு மெக்வே அவர் காதில் வழிகாட்டினார் என்பதும் பலரும் பேசிய செய்தி. 2019 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில் பேட்ரியாட்ஸ் அந்த வழியை அடைத்தபோது ராம்ஸ் மூன்றே புள்ளிகள் எடுத்தது.

உங்கள் மைத்துனர் அந்த இடத்தில் நின்றுவிடுகிறார் என்று நினைக்கிறேன். ஆனால் டெட்ராய்டில், வேறு பயிற்சியாளர்களின் கீழ், தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் பென் ஜான்சன் வகுத்த ஆட்டமுறையில் கோஃப் மீண்டும் எழுந்தார். ப்ளே ஆக்‌ஷனுக்குப் (பந்தை ஓட்டக்காரரிடம் கொடுப்பதுபோல் பாவனை காட்டுவது) பின் களத்தின் நடுப்பகுதிக்குத் தயங்காமல், ஓடும் ரிசீவரின் வேகம் குறையாதபடி எறியும் துல்லியம் இரண்டு அணிகளிலும் அவருடன் இருந்தது. ஆகவே அது அவருடையது. தடுப்பு குலைந்து நிற்குமிடம் நெருக்கடியாகும்போது அவருடைய ஆட்டம் சரிவதும் இரண்டு இடங்களிலும் தொடர்ந்தது. 2025 ஜனவரியில் வாஷிங்டனிடம் 45-31 என்று தோற்ற பிளேஆஃப் ஆட்டத்தில் அவர் மூன்று இன்டர்செப்ஷன் கொடுத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆட்டம் பார்க்கும்போது, மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) எட்டு, பத்து யார்டு தேவைப்படும் தருணங்களைக் கவனியுங்கள். அப்போது எதிரணி ஓட்டத்தை எதிர்பார்ப்பதில்லை. ப்ளே ஆக்‌ஷனும் பலிக்காது. முதலில் பார்க்கும் ரிசீவர் அடைக்கப்பட்டிருப்பார். அடுத்தவரைக் குவார்ட்டர்பேக் எவ்வளவு விரைவில் தேடுகிறார், பந்தை எவ்வளவு நேரம் கையில் வைத்திருக்கிறார் என்பதில் ஆட்டமுறையின் உதவி மிகக் குறைவு. எறிவதற்குள் பந்தோடு வீழ்த்தப்பட்டால் (சாக்) பழியைத் தடுப்பாளர்கள் மீதே போடுவது பழக்கம். ஆனால் பந்தை விட மனமில்லாத குவார்ட்டர்பேக்குக்கு எந்த முன்வரிசையும் போதாது. எறிந்த தூரத்தையும் ரிசீவருக்குக் கிடைத்த இடைவெளியையும் கணக்கில்கொண்டு, எதிர்பார்த்ததைவிட எத்தனை பாஸ்களைக் கூடுதலாக நிறைவேற்றினார் என்று சொல்லும் புதிய அளவீடு பயனுள்ளதுதான். ஆயினும் ஆளில்லாத இடத்தில் நின்ற ரிசீவரை விட்டுவிட்டு நெருக்கத்தில் இருந்தவருக்கு எறிந்த தவறான முடிவு அதில் தெரியாது.

உங்கள் மைத்துனருக்கு ஒரு பாதி சரி. குலைந்த ஆட்டத்தில், சாய்ந்த நிலையில், ஒடுங்கிய இடைவெளிக்குள் பந்தைச் செலுத்தும் ஆற்றல் ஸ்டாஃபோர்டிடம் அதிகம். தோற்றுக்கொண்டிருந்த டெட்ராய்டிலேயே அதைக் கண்டோம். 2024 ஜனவரியில் லயன்ஸ் 24-23 என வென்ற பிளேஆஃப் ஆட்டத்திலும் அவர் 367 யார்டு எறிந்தார், கோஃப் 277. ஆனால் அன்று கோஃப் எறிந்த 27 பாஸ்களில் 22 நிறைவேறின. வகுத்த ஆட்டத்தை அவ்வளவு பிழையின்றி நடத்திக்காட்டுவதைத் திறமை இல்லை என்று தள்ளுவதை நான் ஏற்கவில்லை. ஜான்சன் 2025இல் சிகாகோவுக்குப் போய்விட்ட பிறகு கோஃப் ஆடும் மூன்றாவது டவுன்களை இருவரும் சேர்ந்து பாருங்கள்.