பெரிய மீன் சின்ன வளையம்தான் போடும்

கேள்வி இது: "வசந்த காலத்தில், பண்ணையில் வளர்த்து விடப்படாத பெரிய பிரவுன் டிரவுட் மீனை ஆற்றில் ஃப்ளை ஃபிஷிங் முறையில் பிடிக்க என்ன செய்ய வேண்டும்?"

எனக்குப் பழக்கமான ஆற்றை வைத்தே சொல்கிறேன். நியூயார்க்குக்கும் பென்சில்வேனியாவுக்கும் எல்லையாக ஓடும் மேல் டெலவேர். நான் இருப்பது நியூஜெர்சியில். ஹான்காக் என்ற சிற்றூருக்குக் காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். கிழக்குக் கிளையும் மேற்குக் கிளையும் அங்கேதான் கூடி டெலவேர் ஆகின்றன. முதல் மூன்று வசந்த காலமும் ஒரு பெரிய மீன்கூட எனக்கு மாட்டவில்லை. நான்காவது வருடம் மாட்டியது. நடுவில் நான் மாற்றிக்கொண்டது ஒன்றுதான்: போய்ச் சேர்ந்ததும் தண்ணீரில் இறங்குவதை விட்டேன்.

சின்ன வயதில் தாமிரபரணிக் கரையில் மண்புழு கோத்துப் போட்டுத் தக்கையையே பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தவன் நான். அப்போது உட்காரத் தெரிந்திருந்தது. 9 அடித் தூண்டில் கோலும், மார்பு வரை ஏறும் ரப்பர் உடுப்பும் வாங்கியதும் அது மறந்துபோய்விட்டது. காசு கொடுத்து வாங்கியாயிற்றே, இறங்காமல் எப்படி?

ஃப்ளை ஃபிஷிங் முறையே தெரியாதவர்களுக்கு ஒரு வரி. தூண்டில் முள்ளில் இறகும் ரோமமும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சிக்கு எடையே கிடையாது. அதனால் பூச்சியை வீச முடியாது. தடித்த கயிற்றை வீசுகிறோம், அதன் நுனியில் கட்டிய மெல்லிய தங்கூசி நரம்போடு பூச்சியும் போய் விழுகிறது. மீதியெல்லாம் கைப்பழக்கம்.

இனி ஆற்றைப் பற்றி. இரண்டு கிளைகளிலும் நியூயார்க் நகரத்தின் குடிநீருக்காக அணை கட்டியிருக்கிறார்கள். மேற்கில் கேனன்ஸ்வில், கிழக்கில் பெப்பாக்டன். நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து வெளிவரும் தண்ணீர் கோடையிலும் சில்லென்றிருக்கும். சூடான நீர் ஆகாத டிரவுட் இங்கே தாங்குவது அதனால்தான். பிரவுன் டிரவுட் அமெரிக்க மீனே அல்ல. 1883-இல் ஜெர்மனியிலிருந்து முட்டைகளாகக் கப்பலில் வந்தது. நம்மைப் போல வந்து குடியேறியதுதான். இன்று இந்த ஆற்றில் இருப்பவை பெரும்பாலும் இங்கேயும் சுற்றியுள்ள ஓடைகளிலும் பிறந்து வளர்ந்தவை. மனிதன் கையால் தீனி தின்றதில்லை, ஆகவே ஏமாறுவதும் லேசில்லை.

வசந்தத்தில் இந்த மீனை மேலே வரவைப்பது ஹெண்ட்ரிக்சன் என்ற மேஃப்ளை வகைப் பூச்சி. நம் ஊரில் மழை விட்டதும் புற்றிலிருந்து ஈசல் கிளம்புமே, அப்படி ஆற்றின் அடியிலிருந்து கிளம்பும். ஏறக்குறைய ஒரு வருடம் கல்லுக்கடியில் புழுவாக வாழ்ந்துவிட்டு, தண்ணீரின் வெப்பம் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் நாட்களில், பெரும்பாலும் மதியம் இரண்டு மணிக்கு மேல், நீர்மட்டத்துக்கு வந்து தோலுரித்துச் சிறகை விரிக்கும். சிறகு காயும்வரை மிதந்துகொண்டே போகும். வெயில் அடித்தால் சட்டென்று காய்ந்து பறந்துவிடும். மேகமூட்டமும் குளிரும் தூறலும் இருந்தால் வெகுதூரம் மிதக்கும், மீனுக்கு விருந்து. எனவே வானிலை அறிக்கையில் சூரியன் படம் போட்ட சனிக்கிழமையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். குடும்பத்தோடு போகத்தான் அந்த நாள் நல்லது.

எந்த இடம் என்பதற்கும் தண்ணீரின் வெப்பம்தான் வழிகாட்டி. அணையிலிருந்து தள்ளியிருக்கும் பகுதிகள் முதலில் சூடேறும், அங்கே ஏப்ரல் கடைசியில் பூச்சி தொடங்கிவிடும். அணைக்குக் கீழேயே இருக்கும் மேற்குக் கிளையின் மேல்பகுதி குளிர்ந்து கிடப்பதால் மே மாதம் நடுவரை இழுக்கும். ஒரே இடத்தைக் கட்டிக்கொண்டு அழாமல் பூச்சியின் பின்னால் ஆற்றில் மேல்நோக்கிப் போனால் ஒரு வார விருந்து மூன்று வாரமாக நீளும்.

பொய்ப் பூச்சிக்கும் ஹெண்ட்ரிக்சன் என்றே பெயர். ராய் ஸ்டீன்ராட் என்பவர் 1916-இல் பக்கத்துப் பீவர்கில் ஆற்றங்கரையில் கட்டி, மீன்பிடித் தோழரான ஏ.இ. ஹெண்ட்ரிக்சனின் பெயரை வைத்தார். பூச்சி ஆராய்ச்சி செய்ய வேண்டாம். 12, 14 அளவு முள்ளில் கட்டியவை நாலைந்து போதும். மாலையில் அதே இனத்துப் பெண் பூச்சிகள் முட்டையிட்டுவிட்டுச் சிறகை விரித்தபடி செத்து விழும். அதற்கென்று சிறகு விரிந்த பூச்சி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி நிறைய வாங்கச் சொல்லிக் கடைக்காரர் ஆசை காட்டுவார். நானும் வாங்கினேன், பாதிக்கு மேல் இன்னும் நனையவே இல்லை.

நான்காவது வருடம், மே முதல் வாரம், தூறல். கரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். நடு ஆற்றில் மீன்கள் சளப் சளப்பென்று குதித்துக்கொண்டிருந்தன. வழக்கமாக அவற்றைப் பார்த்ததும் ஓடுவேன். அன்று ஓடவில்லை. இருபது நிமிடம் கழித்துத்தான் கண்ணில் பட்டது: கரையிலிருந்து ஆறடி தூரத்தில், வேரை ஒட்டி, ஒன்றரை அடி ஆழம்கூட இல்லாத மெதுவான நீரில் மழைத்துளி விழுந்த மாதிரி ஒரு வளையம். கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் இன்னொன்று. முதலில் மூக்கு, அப்புறம் முதுகு, அப்புறம் வால். மூக்குக்கும் வாலுக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. முந்தைய மூன்று வருடமும் நடு ஆற்றுக்குப் போகிற அவசரத்தில் அந்த இடத்தை மிதித்துக்கொண்டுதான் போயிருக்கிறேன்.

துள்ளிக் குதிப்பது அநேகமாகச் சின்ன மீன். பெரியது நீரோட்டத்தோடு மல்லுக்கட்டாது. ஓட்டம் இரையைக் கொண்டுவந்து கொடுக்கும் ஓரத்தில் நின்றுகொண்டு சத்தமில்லாமல் உறிஞ்சும். எத்தனை நொடிக்கு ஒருமுறை மேலே வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அது பாட்டுக்குத் தின்ன ஆரம்பித்த பிறகுதான் வீச வேண்டும்.

வீசும்போது கவனிக்க வேண்டியது, பூச்சி தண்ணீரோடு தண்ணீராகப் போகிறதா என்பது. நடுவில் வேகமான ஓட்டம் கயிற்றை இழுத்தால் பூச்சியும் கோடு கிழித்துக்கொண்டு ஓடும். எந்த உயிருள்ள பூச்சியும் அப்படிப் போகாது என்று அந்தக் கிழட்டு மீனுக்குத் தெரியும். அதனால் நீர் வரும் திசையில் மீனுக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் நின்று, கயிறு காற்றில் இருக்கும்போதே கோலை நீர் வரும் திசைக்குச் சாய்த்து, அது தளர்வாக விழும்படி வீசுவேன். நரம்பு கண்ணில் படுவதற்கு முன்னால் பூச்சி அதன் வாய்க்குப் போய்ச் சேரும். கயிற்றின் நுனியில் 12 முதல் 15 அடி வரை நீளமான நரம்பு வைப்பதும் இதற்காகத்தான்.

அன்று அந்த வேரடி மீன் பூச்சியை எடுத்தது. நான் பதறிக் கோலைத் தூக்கினேன். பூச்சி வாயிலிருந்து அப்படியே வெளியே வந்துவிட்டது. இதுவும் எல்லோரும் செய்கிற தப்புதான். பெரிய வாய் மெதுவாக மூடும். தலை கீழே போகும்வரை பொறுத்துத்தான் தூக்க வேண்டும். நல்ல வேளை, முள் அதைக் குத்தவில்லை. கோலை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அதே வேரடியில் அதே வளையம். இந்த முறை மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணினேன். வலைச் சட்டத்தில் வைத்துப் பார்த்தபோது 21 அங்குலம். வெண்ணெய் நிறத்து வயிறு, பக்கமெல்லாம் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள்.

வெள்ளக் காலம் வேறு கதை. ஏப்ரலில் நீர்த்தேக்கம் நிரம்பி வழிந்தால் அதிலிருக்கும் ஏல்வைஃப் என்ற சிறு மீன்களும் சேர்ந்து விழும், பெரிய டிரவுட்டுகள் அவற்றைத்தான் தேடும். அப்போது மீன் வடிவில் கட்டிய நீளமான பொய்யிரையைப் படகிலிருந்து வீசி இழுப்பார்கள். பிடிபடும், ஆனால் எனக்கு அதில் ருசியில்லை; தோள்தான் வலிக்கிறது.

கிளம்புவதற்கு முன்னால் நீர்வரத்தைப் பாருங்கள். ஹேல் எட்டி, ஃபிஷஸ் எட்டி, லார்ட்வில் ஆகிய இடங்களின் அளவுகள் இணையத்தில் உடனுக்குடன் கிடைக்கும். மேட்டூர் அணைச் செய்தி கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கன அடிக் கணக்கு புதிதில்லை. மேற்குக் கிளையில் வினாடிக்கு 1000 கன அடியைத் தாண்டினால் நான் நடந்து இறங்குவதில்லை. ஒருமுறை இறங்கி, இடுப்புக்கு மேல் தண்ணீர் புகுந்து, நடுங்கிக்கொண்டு காருக்குத் திரும்பியவன் சொல்கிறேன்.

பிடித்த மீனை என்ன செய்வேன் என்று கேட்பீர்கள். கையை நனைத்துக்கொண்டு, தண்ணீரை விட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றி விட்டுவிடுவேன். முள்ளின் எதிர்க்கொக்கியை முன்பே குறட்டால் நசுக்கி வைத்திருப்பதால் சட்டென்று கழன்றுவிடும். அன்று இரவு போனில் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மூணு மணி நேரம் கார் ஓட்டிப் போயி, புடிச்ச மீன விட்டுட்டு, ராத்திரிக்குத் தோசை சுட்டுத் தின்னியாக்கும்?" என்றாள்.

உண்மையில் அன்று இரவு உப்புமா.