ஃபிட்டர் மட்டும்தானே?

மதிப்பிற்குரிய ஐயா,

இங்கிலாந்தின் பழைய சுழற்பந்து வீச்சாளர் காலின் ப்ளைத் பற்றிய உங்கள் உரையில் அவரை இன்ஜினியர் என்றீர்கள். அவர் ஃபிட்டர், டர்னர் வேலை பழகியவர் மட்டும்தானே? நான் சிவில் முடித்து சைட் வேலையில் இருக்கிறேன். ஞாயிறுதோறும் மேட்ச். வீட்டில் கிரிக்கெட்டை விடச் சொல்கிறார்கள். இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?

வாசகர், மயிலாடுதுறை

அன்புள்ள தம்பி,

சமாளிப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சனிக்கிழமை ராத்திரி சீக்கிரம் தூங்குங்கள். வீட்டாரோடு நடக்கும் வழக்கில் நான் வரமாட்டேன்.

ஆனால் அந்த 'மட்டும்தானே'யை விடமாட்டேன். எத்தனை இளக்காரம் அதில்! ப்ளைத் லண்டன் வுலிச் ஆயுதச்சாலையில் கடைசல் பழகியவர். அதே கை 1907 ஜூன் 1 அன்று, நார்தாம்ப்டனில், ஒரே நாளில் 48 ரன்னுக்கு 17 விக்கெட் எடுத்தது. அதே கை வயலினும் வாசித்தது. அரை நூல் பிசகைத் தடவியே கண்டுபிடிக்கிற விரலுக்குப் பந்தின் தையல் பேசாதா?

என் அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் டர்னர். ஞாயிற்றுக்கிழமை ஜி கார்னர் மைதானத்தில் ஆஃப் ஸ்பின் போடுவார்; விக்கெட் விழாது, அது வேறு கதை. லீவில் திருவையாற்றுக்குப் போனால், எவர் வயலில் பம்புசெட் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு குறுவைக்கு, நாற்று விட்டிருந்த சமயம், படித்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு மோட்டாரையே மாற்றச் சொன்னார். அப்பா எதையும் கழற்றவில்லை. ஓடுகிற மோட்டார்மேல் ஸ்க்ரூட்ரைவரின் நுனியை வைத்து, பிடியில் காதை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார். கச்சேரி கேட்பதுபோல. "புஷ் தேஞ்சிருக்கு" என்றார்; சுழலும் தண்டைத் தாங்குகிற வளையம் அது. கடைத்தெரு லேத்தில் இடம் கேட்டு, கன்மெட்டல் என்கிற வெண்கலத்தில் தானே கடைந்து போட்டார். பொழுது சாய்வதற்குள் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அவரை யாரும் இன்ஜினியர் என்று கூப்பிட்டதில்லை. கூலியாக ஒரு தார் பூவன் வந்தது.

1914இல் முதல் உலகப்போர் வந்ததும், வலிப்பு நோய் இருந்தும், ப்ளைத் பட்டாளத்தில் சேர்ந்தார். கென்ட் ஃபோர்ட்ரஸ் இன்ஜினியர்ஸ் என்று பெயர் அந்தப் படைக்கு. பட்டம் கேட்காமல்தான் சேர்த்துக்கொண்டார்கள். 1917 நவம்பர் 8, பெல்ஜியத்தில் பாஷன்டேல் பக்கம் ரயில் பாதை வேலையில் இருந்தபோது குண்டு வெடித்து இறந்தார். வயது 38.

திங்கட்கிழமை சைட்டில் ரசமட்டம் பிடிக்கும் கொத்தனாரிடம் உங்கள் 'மட்டும்தானே'யைச் சொல்லிப் பாருங்கள்.

அதிருக்கட்டும், நீங்கள் பந்து போடுகிறவரா, மட்டை பிடிக்கிறவரா? அதை எழுதவே இல்லையே.