மதியத் தூக்கத்துக்கு ஓர் அறை

கேள்வி: திண்டுக்கல்லில் இருந்து எழுதுகிறேன். மே மாதம் என் கணவருக்கு நான்கு நாள் விடுப்பு கிடைக்கிறது. மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு இரண்டரை. அத்தையும் (மாமியார்) வருகிறார். வயது 68, முழங்கால் வலி உண்டு. பிள்ளைகளுக்குக் கடல் காட்டவேண்டும் என்று மூன்று இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். கன்னியாகுமரியில் கடல் பார்த்த நான்காவது மாடி பால்கனி அறை, மாமல்லபுரத்தில் நீச்சல் குளம் உள்ள ரிசார்ட், ராமேஸ்வரம் பக்கம் ஒரு ஹோம்ஸ்டே. கணவருக்கு ரிசார்ட், அத்தைக்கு ராமேஸ்வரம், எனக்குப் பால்கனி. போன வருடம் மகள் அலையைப் பார்த்ததும் அலறி அழுதுவிட்டாள். எதை எடுப்பது, அறையில் எதையெல்லாம் பார்க்கவேண்டும்?

பதில்: அன்புச் சகோதரிக்கு, ராமேஸ்வரம் போங்கள். அத்தை கோயிலுக்காகக் கேட்டிருப்பார். நான் உங்கள் மகளுக்காகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மே மாதம், கத்தரி வெயில். குழந்தைகளைக் கடற்கரையில் விடக்கூடிய நேரம் காலையில் ஆறிலிருந்து எட்டரை வரை, மாலையில் நாலரைக்கு மேல் இருட்டும் வரை. இரண்டையும் கூட்டினால் நாலரை மணி நேரம் தேறும். மிச்ச நேரம் முழுக்க அறைதான். அதிலும் பத்து மணியிலிருந்து நாலு மணி வரை வெளியே தலை காட்ட முடியாது. அந்த ஆறு மணி நேரத்தில் இரண்டரை வயதுக்காரி தூங்கவேண்டும், ஆறு வயதுக்காரன் அவளை எழுப்பாமல் விளையாடவேண்டும், அத்தை காலை நீட்டிப் படுக்கவேண்டும், நீங்களும் கொஞ்சம் உட்காரவேண்டும். ஜன்னலில் கடல் தெரிகிறதா என்பதைவிட, மதியம் இரண்டு மணிக்கு அந்த அறையில் ஒரு குழந்தை தூங்குமா என்று பாருங்கள். பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்வரை நான் தங்குமிடம் தேர்ந்தெடுத்தது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் மகனுக்கு மூன்று வயது இருக்கும்போது ஒரு கடலோர ஊரில், கூடுதல் பணம் கொடுத்து, மூன்றாவது மாடியில் பால்கனி அறை எடுத்தோம். போய்ச் சேர்ந்து பையைக்கூடப் பிரிக்கவில்லை. பால்கனியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். அவன் இடுப்பைப் பிடித்து இறக்கிய பிறகும் என் கை வெகுநேரம் நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்தக் கதவின் தாழ்ப்பாள் அவனுக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. மூன்று நாளும் கதவைப் பூட்டி, திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். பணம் கொடுத்து வாங்கிய கடலைப் பார்க்கவே இல்லை. உங்களுக்குப் பால்கனி மேல் இருக்கும் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் மகளுக்கு ஐந்து, ஆறு வயது ஆகட்டும். அப்போதுகூட கம்பிகளுக்கு நடுவே பத்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் அந்த அறை வேண்டாம்.

கன்னியாகுமரி வேண்டாம் என்று நான் சொல்வதற்குப் பால்கனி மட்டும் காரணமில்லை. சூரிய உதயம் பார்க்க அதற்கு நிகரான இடம் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊருக்குள் கடற்கரை என்பது பெரும்பாலும் பாறை. இரண்டரை வயதுப் பிள்ளை உட்கார்ந்து மண் கிளற இடம் குறைவு. தவிர, ஏப்ரல், மே மாதங்களில் அந்தக் கரையில் மீனவர்கள் ‘கள்ளக்கடல்’ என்று சொல்லும் ஒன்று வரும். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த காற்று எழுப்பிய அலை, நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து ஏறும். கரையில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. திருடனைப் போல வருவதால் அந்தப் பெயர். 2024 மே 6 அன்று அதே மாவட்டத்தில், கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தது அந்தச் சமயத்தில்தான். அவர்கள் வளர்ந்தவர்கள். அதற்குப் பிறகு, மே மாதம் அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளோடு போகிறேன் என்று யார் சொன்னாலும் எனக்கு மனது ஒப்புவதில்லை.

மாமல்லபுரம், உங்கள் ஊரிலிருந்து மூன்றிலும் தூரம் அதிகம். நாலு நாளில் போக வர இரண்டு நாள் காரிலேயே போய்விடும். அங்கே கடலும் கரையை ஒட்டியே இறங்கிவிடும். அலை அடித்துத் திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். அதனால்தான் ரிசார்ட்காரர்கள் நீச்சல் குளத்தைக் காட்டுகிறார்கள். குளத்தில் இறங்கத்தான் போகிறீர்கள் என்றால் கடல்வரை போகவேண்டாமே!

இனி ராமேஸ்வரம். அந்தத் தீவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் போனால் ஒன்றைப் பெண் கடல் என்றும் இன்னொன்றை ஆண் கடல் என்றும் ஊர்க்காரர்களே சொல்வார்கள். வடக்குப் பக்கம் அமைதி, தெற்குப் பக்கம் சீற்றம். இந்தக் குணம் எல்லா மாதமும் ஒன்றாக இருக்காது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாடைக்காற்று அடிக்கும்போது பாக் விரிகுடாதான் கொந்தளிக்கும். நீங்கள் போகும் மே மாதத்தில் காற்று தெற்கிலிருந்து வரும். தெற்குக் கரையில் அலை எழும்பும்; வடக்குக் கரைக்குத் தரையே மறைப்பாக நின்றுவிடும். கடலும் அந்தப் பக்கம் ஆழம் குறைவு. வெகுதூரம் நடந்தாலும் பெரியவர்களுக்கு முழங்கால் அளவுதான் இருக்கும் இடங்கள் உண்டு. உச்சிப்புளி பக்கத்தில் இருக்கும் அரியமான் கடற்கரை அப்படிப்பட்டது. சவுக்குத் தோப்பும் இருப்பதால் அத்தை நிழலில் உட்காரலாம்.

ஆகவே ஹோம்ஸ்டேக்காரரிடம் உங்கள் முதல் கேள்வி, “உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது வடக்குக் கடலா, தெற்குக் கடலா?” என்பதாக இருக்கட்டும். விளம்பரத்தில் இரண்டுக்கும் ‘கடற்கரை’ என்றுதான் போட்டிருப்பார்கள். பதில் வந்த பிறகு நீங்களே கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பாருங்கள். வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே நெடுஞ்சாலை போகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். சாலையைக் கடந்துதான் போகவேண்டும் என்றால் வேறு வீடு பாருங்கள். ஆறு வயதுப் பையன் கடலைப் பார்த்த வேகத்தில் ஓடுவான், வண்டி வருகிறதா என்று பார்க்கமாட்டான். வாசலை ஒட்டியே கடல் இருப்பதும் நல்லதில்லை. பூட்டக்கூடிய கேட் உள்ள காம்பவுண்டு, அதிலிருந்து ஐந்து நிமிட நடை. அவ்வளவு போதும்.

கோயிலை ஒட்டிய சந்துகளில் அறை எடுக்காதீர்கள். அதிகாலை நாலு மணிக்கே தீர்த்தமாட வருபவர்களின் சத்தம் தொடங்கிவிடும். அக்னி தீர்த்தத்தில் அலை இருக்காது. ஆனால் கூட்டமும், கழற்றிவிட்ட துணிகளும், பூஜைப் பொருள்களும் சேரும் இடம் அது. அங்கே பிள்ளைகளை விளையாட விடவேண்டாம். அத்தை 22 தீர்த்தமும் ஆட ஆசைப்பட்டால் அதை ஒரு தனிக் காலையாக வைத்து, உங்கள் கணவர் கூடவே போகட்டும். கிணறுகளுக்கு நடுவே தரை முழுக்க ஈரம். முழங்கால் வலிக்காரர்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கவேண்டும்.

வீட்டைப் பற்றிக் கேட்கவேண்டியவை நிறைய. தரைத்தளம்தானா? கழிப்பறை வெஸ்டர்னா? அத்தைக்கு இது மிக முக்கியம். தூங்குவதற்கு ஓர் அறையும், விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார இன்னொரு அறையோ கூடமோ இருக்கிறதா? கணவர் ஒரே பெரிய அறை போதும் என்பார். மகள் தூங்கியதும் நான்கு பேரும் இருட்டில் கிசுகிசுத்துக்கொண்டு இருப்பீர்கள், அது இரண்டாம் நாளே சண்டையில் முடியும். மின்சாரம் போனால் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ ஏசியை இழுக்குமா, ஃபேன் மட்டும்தானா? ஜன்னல்களில் கொசுவலை உண்டா? ஊற்றும் தண்ணீர் உப்பா? உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் குளித்தால் சில குழந்தைகளுக்குத் தோல் அரிக்கும்; கடைசியாக ஊற்றிவிட ஒரு வாளி நல்ல தண்ணீர் தருவார்களா என்று கேளுங்கள். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கிவிடலாம். வாசலில் கால் கழுவக் குழாய் இருக்கிறதா? இல்லாவிட்டால் படுக்கை முழுக்க மணல்தான்.

ஹோம்ஸ்டே பக்கம் நான் சாய்வதற்குப் பெரிய காரணம் அடுப்பு. இரண்டரை வயதுப் பிள்ளை ஹோட்டல் குருமாவை எத்தனை வேளை சாப்பிடும்? ஒரு கைப்பிடி அரிசியைக் குழைய வடித்து ரசம் ஊற்றிக் கொடுக்க முடிந்தால் உங்கள் பாதி கவலை தீர்ந்தது. சமைக்க அனுமதி உண்டா, கேஸ் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். சில இடங்களில் சமையலறை படத்தில் மட்டும் இருக்கும். இன்னொன்று, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது. கடற்கரை ஊர்தானே, மீன் மலிந்து கிடக்கும் என்று எண்ணிப் போகவேண்டாம். நாட்டுப்படகில் வருவதுதான் கிடைக்கும், விலையும் கூடுதலாக இருக்கும். உங்கள் மகனுக்கு மட்டும் இதில் லாபம் உண்டு. துறைமுகத்தில் வரிசையாக நங்கூரமிட்டு நிற்கும் படகுகளைக் கிட்டத்தில் பார்க்கலாம்.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று. காற்றடைத்த ரப்பர் வளையம், மிதவை எதையும் எடுத்துப் போகாதீர்கள். கரையில் விற்றாலும் வாங்காதீர்கள். வடக்குக் கரையை அமைதியாக வைத்திருக்கும் அதே தெற்குக் காற்று, தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. மிதவையில் உட்கார்ந்த பிள்ளையை அது சத்தமில்லாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். அலை இல்லையே என்ற தைரியத்தில் நாம் போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். குழந்தை தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே நிற்கவேண்டும். நீங்களும் கணவரும் அரை மணிக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். “இப்போ உன் முறை” என்று வாயால் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். இருவரும் இருக்கும்போதுதான் இருவருமே பார்க்காமல் விடுவோம். நீலம், பச்சை, வெள்ளை உடை வேண்டாம். தண்ணீரோடு தண்ணீராகத் தெரியாமல் போகும். பளிச்சென்ற ஆரஞ்சு போடுங்கள்.

கரையில் நார்நாராக ஒதுங்கிக் கிடப்பது கடற்புல். நாற்றம் கொஞ்சம் இருக்கும், அழுக்கு இல்லை. கடற்பசு மேய்கிற புல் அது என்று மகனிடம் சொல்லுங்கள். 2022-இல் இதே பாக் விரிகுடாவில்தான், வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில், நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகத்தைத் தமிழக அரசு அறிவித்தது. காலில் செருப்போடு இறங்கட்டும், சிப்பி கிழிக்கும். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்கவேண்டாம், நல்ல தண்ணீரும் ஊற்றவேண்டாம். கடல் தண்ணீராலேயே கழுவி, ஒட்டியிருப்பதை வெறுங்கையால் தொடாமல் எடுத்துவிட்டு, மருத்துவரிடம் காட்டுங்கள். தனுஷ்கோடிக்கு ஒரு நாள் விடியற்காலையில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே யாரும் தண்ணீரில் இறங்கவேண்டாம். நிழலும் கிடையாது.

முடிந்தால் மதுரையிலிருந்து ரயிலில் போங்கள். நாலு மணி நேரப் பயணம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் மேல் ரயில் போகும். கப்பல் வந்தால் புதுப் பாலத்தின் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே போகும் என்று சொன்னால், உங்கள் மகன் அந்தப் பயணம் முழுக்க ஜன்னலை விட்டு நகரமாட்டான்.

கணவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். மகனுக்கு நீச்சல் ஆசை வந்தால் ஊர் திரும்பியதும் முறையாக வகுப்பில் சேர்க்கலாம், நீந்தக் கற்றுக்கொண்ட பிறகு ரிசார்ட் போகலாம். நீந்தத் தெரியாத பிள்ளைக்கு, சுற்றி வேலி இல்லாத குளம் அறை வாசலிலேயே இருப்பது பெற்றவர்களுக்கு நாள் முழுவதும் காவல் வேலை.

மகளின் பயத்தைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். போன வருடம் அவளுக்கு ஒன்றரை வயது. அவள் உயரத்துக்கு எழும்பி, இரைச்சலோடு ஓடிவரும் ஒன்றைக் கண்டு அழுதது சரியான பயம். தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் நனைத்தால் பயம் போய்விடும் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். அப்படிச் செய்ய விடாதீர்கள். முதல் நாள் தண்ணீர் வரும் இடத்துக்கு இருபதடி தள்ளி உட்காருங்கள். மண்ணில் ஒரு குழி தோண்டி, மகனை ஒரு சின்ன வாளியில் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றச் சொல்லுங்கள். அதில் கை அளையட்டும். அத்தை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. அடுத்த நாள் வாளியைத் தூக்கிக்கொண்டு அவளே அண்ணன் பின்னால் போகக்கூடும். போகாவிட்டால் நான்கு நாளும் அந்தக் குழியிலேயே விளையாடட்டும்.

மடக்கும் நாற்காலி ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். கடற்கரை மணலில் உட்கார்ந்தால் அத்தையால் எழுந்திருக்க முடியாது.