குழாயில் வரும் கேஸ்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் தெருவில் குழாய் கேஸுக்குப் பைப் புதைக்கிறார்கள். இப்போதுள்ள சிலிண்டர் அடுப்பே போதுமா? வேறென்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, கீழக்கரை

பதில்: அடுப்பு அதுவே போதும், ஜெட்டை மட்டும் மாற்ற வேண்டும். பர்னருக்கு அடியில் திருகியிருக்கும் சின்னப் பித்தளைத் துண்டுதான் ஜெட். சிலிண்டர் கேஸ் அடுப்புக்கு 30 மில்லிபார் அழுத்தத்தில் வருகிறது. குழாய் கேஸ், அதாவது இயற்கை எரிவாயு, 21 மில்லிபார்தான். ஒரே கன அளவு எரிந்தால் கிடைக்கும் சூடும் பாதிக்குக் குறைவு. அதனால் துளை பெரிதாக இருக்க வேண்டும். பழைய ஜெட்டிலேயே பற்றவைத்தால் தீ சிறுத்துப்போய் உலை கொதிக்கவே நேரமாகும். அதற்காக ஊசியால் துளையைக் குடைந்துவிடாதீர்கள். துளை கோணலாகி, தீ மஞ்சளாகி, பாத்திரம் கரிபிடிக்கும். இணைப்புக் கொடுக்க வருபவரையே மாற்றித் தரச் சொல்லுங்கள். கழற்றிய ஜெட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். மாற்றிய அடுப்பில் அப்படியே சிலிண்டரைப் பொருத்தினால் தீ பெரிதாகச் சீறும் அபாயம் உண்டு.

அடுத்தது கசிவு. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் படியும். குழாய் கேஸ் காற்றில் ஏறக்குறையப் பாதி எடைதான். நேரே கூரைக்கு ஏறும். கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டு வருகிறதென்று மேல் வென்டிலேட்டரைச் சாக்கால் அடைத்திருந்தால், இணைப்பு வருமுன் சாக்கை எடுத்துவிடுங்கள். வேறெதைவிடவும் இதுதான் முக்கியம்.

வெளிச்சுவரில் ஏறும் இரும்புக் குழாயை நம் உப்புக்காற்று விட்டுவைக்காது. மரை வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு போயிருக்கும். கிளாம்புக்கு அடியில் ஈரம் தங்கும். துரு இந்த இரண்டு இடத்தில்தான் முதலில் பிடிக்கும். சந்தேகமிருந்தால் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி விட்டால் வால்வை மூடிவிட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். தீக்குச்சியால் சோதிக்கவே கூடாது.

கேள்வி: நம் மண்ணிலேயே கேஸ் எடுக்கிறார்கள். அப்புறம் ஏன் உலக விலை நம்மைத் தொட வேண்டும்? எங்கள் இறால் பதனிடும் ஆலையில் பாய்லரைக் கேஸுக்கு மாற்ற யோசிக்கிறோம்.
– வாசகர், மண்டபம்

பதில்: நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கேஸ் வழுதூர் மின் நிலையத்தை ஓட்டுகிறது. தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோக 143 கி.மீ. குழாயும் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஆனால் நாட்டின் தேவையில் ஏறக்குறையப் பாதி கப்பலில் வருகிறது. மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கி, 600-ல் ஒரு பங்காகச் சுருக்கிக் கொண்டுவருகிறார்கள். சென்னை அருகே எண்ணூர் முனையத்தில் 2019 முதல் இறங்குகிறது.

ஆட்டம் காண்பது அந்தக் கப்பல் கேஸின் விலைதான். ஆசியாவின் உடனடிச் சந்தையில் (நீண்டகால ஒப்பந்தம் இல்லாமல் அன்றைய விலைக்கு வாங்கும் சந்தை) பத்து லட்சம் பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) கேஸ் 2020-ல் 2 டாலருக்கும் கீழே போனது. 2022 ஆகஸ்டில் 70 டாலரை நெருங்கியது. கட்டுப்படியாகாமல் வங்கதேசம் அந்தச் சந்தையில் வாங்குவதையே நிறுத்தி, மின்வெட்டில் தவித்தது. வீட்டு அடுப்புக்கும் வண்டிகளுக்கும் உள்நாட்டுக் கேஸில் முன்னுரிமை உண்டு, அதனால் அடி ஓரளவு குறையும். ஆலைக்கு அந்தக் காப்பு இல்லை.

எனவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் விலை எதனோடு கட்டப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள்: கச்சா எண்ணெயோடா, உடனடிச் சந்தையோடா? எடுக்காத கேஸுக்கும் பணம் கட்டச் சொல்லும் பிரிவு இருக்கிறதா? மீன்பிடித் தடைக்காலத்தில் வரத்துக் குறைந்தால் அந்தப் பிரிவு கழுத்தை நெரிக்கும். அந்த மாதங்களுக்குக் குறைந்த அளவை எழுத்தில் வாங்குங்கள். பர்னர் வாங்கும்போது டீசலிலும் எரியும் இரட்டை எரிபொருள் வகையே வாங்குங்கள்.